கம்பி வருமுன் காகிதம் போக வேண்டும்

ஆள் வந்தாகிவிட்டது, மேஸ்திரியும் வந்துவிட்டார், கம்பி மட்டும் வரவில்லை. அன்று நாட்கூலிக்காரர் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். மும்பையில் கட்டட வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு இது புதிதல்ல.

சரக்கு வராவிட்டால் லாரிக்காரரையும் கடைக்காரரையும் திட்டுகிறோம். பல சமயம் கோளாறு அங்கே இல்லை. எதை, எப்போது, யாரிடம் வாங்குவது என்று சில மாதங்களுக்கு முன்பே எழுத வேண்டிய காகிதத்தை யாரோ எழுதாமல் விட்டிருப்பார்கள்.

பின்னோக்கி எண்ணுங்கள்

ரயில்வேயில் ஒரு பொருள் வேண்டுமென்றால் முதலில் இண்டென்ட் எழுத வேண்டும். பண ஒதுக்கீடு உண்டா என்று கணக்குப் பிரிவு பார்க்கும். பிறகு டெண்டர். யார் வேண்டுமானாலும் விலை கொடுக்கலாம் என்றால் ஓப்பன் டெண்டர். பதிவு பெற்ற சிலரை மட்டும் கேட்பது லிமிடெட் டெண்டர். ஒரே கம்பெனிதான் அதைச் செய்கிறது என்றால் சிங்கிள் டெண்டர். ஆர்டர் போன பிறகும் தயாரிப்பு, பரிசோதனை, பயணம் என்று நாட்கள் ஓடும்.

இத்தனை நாட்களையும் கூட்டி, வேலை தொடங்கும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். அங்கே வரும் நாள்தான் இண்டென்ட் எழுத வேண்டிய நாள்.

கொங்கண் பாதையின் பாடம்

நம்மில் பலர் பயணம் செய்துள்ள கொங்கண் பாதையையே எடுத்துக்கொள்வோம். 1990-ல் அதற்கென்று தனி கார்ப்பரேஷன் அமைந்தது. தலைவர் இ. ஸ்ரீதரன். ரோஹாவிலிருந்து மங்களூர் அருகே தோக்கூர் வரை சுமார் 740 கிலோமீட்டர். வழியில் 90-க்கு மேற்பட்ட சுரங்கங்கள், சுமார் 2,000 பாலங்கள். பாதையை 7 பகுதிகளாகப் பிரித்து எல்லா இடத்திலும் ஒரே சமயத்தில் வேலை தொடங்கினார்கள். மத்திய அரசும் 4 மாநிலங்களும் பங்குப் பணம் போட்டன. மீதிக்குக் கடன் பத்திரம் வெளியிட்டார்கள்.

கர்புடே சுரங்கம் மட்டும் ஆறரை கிலோமீட்டர். கடப்பாறையும் கைத்துளைக் கருவியும் இதற்குப் போதாது. ஆகவே சுவீடனிலிருந்து பாறை துளைக்கும் ஹைட்ராலிக் இயந்திரங்களை வரவழைத்தார்கள்.

ஆனால் சில சுரங்கங்களில் பாறையே இல்லை. தண்ணீர் ஊறிய களிமண். தோண்டத் தோண்டச் சரிந்தது. விலை உயர்ந்த இயந்திரத்துக்கு அங்கே வேலையில்லை. கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் தோண்ட வேண்டியிருந்தது. தொழிலாளர் பலர் உயிரிழந்தனர். கோவாவின் பெர்னெம் சுரங்கம் கடைசி வரை இழுத்தது. 5 ஆண்டுகளில் முடிப்பதாக இருந்த பாதை 1998 ஜனவரி 26-ல்தான் முழுமையாகத் திறந்தது.

வாங்கும் பட்டியல் எழுதுமுன் மண்ணை அறிய வேண்டும். அறிய முடியாததற்கும் கொஞ்சம் நாளும் பணமும் ஒதுக்கி வைக்க வேண்டும்.

சிறு காண்டிராக்டர்களுக்கு

நம்மவர்களில் சிறு வேலைகளை எடுத்துச் செய்பவர்கள் நிறையப் பேர். விலை குறைவு என்பதற்காக மட்டும் ஒரு கடையை நம்பாதீர்கள். சரக்கு வரும் தேதியை எழுதி வாங்குங்கள். இரண்டாவது கடை ஒன்றைப் பேசி வையுங்கள். ஜூன் மாத மழைக்கு முன்பே மணலையும் சிமெண்டையும் கணக்கிடுங்கள்.

ஒப்பந்தத்தில் இன்னும் ஒரு வரி சேருங்கள்: சரக்கு தாமதமானால், காத்திருக்கும் ஆளின் கூலியை யார் தருவது? அந்த வரி இல்லாத ஒப்பந்தத்தில் அதைத் தருபவர் எப்போதும் கூலிக்காரர்தான்.