பக்கத்து இருக்கையில் ஒரு குட்டிப் பயணி

சென்னையிலிருந்து லண்டனுக்கு நேரடி விமானத்தில் போனாலும் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. பக்கத்து இருக்கையில் அம்மா மடியில் ஒன்றரை வயதுக் குழந்தை. உட்கார்ந்ததுமே கன்னத்தைக் கிள்ளி, "அங்கிள்கிட்ட வர்றியா?" என்று இரண்டு கைகளையும் நீட்டுகிறார் ஒருவர். குழந்தை அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வீறிடுகிறது. "பழக்கமே இல்லை போல" என்று பெரியவர்கள் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள்.

அந்தத் தீர்ப்பு தவறு. வேற்று முகம் பார்த்து அழுவது ஆறு முதல் எட்டு மாதத்துக்குள் தொடங்கும். பல குழந்தைகளிடம் இரண்டு வயதுவரை நீடிக்கும். இவர் நம்மவர், இவர் புதியவர் என்று பிரித்துப் பார்க்க மூளை கற்றுக்கொண்டதற்கு அது அடையாளம். தவழ்ந்து, நடந்து அம்மாவை விட்டு விலகிப் போகத் தொடங்கும் வயதில் இந்த எச்சரிக்கை வந்து சேர்வது குழந்தைக்குப் பாதுகாப்பு.

அப்படியானால் புதியவர் நல்லவரா என்று குழந்தை எப்படி முடிவு செய்கிறது? அம்மாவின் முகத்தைப் பார்த்துத்தான். அமெரிக்காவில் ஜேம்ஸ் சோர்ஸ், ராபர்ட் எம்ட், ஜோசப் கேம்போஸ் குழுவினர் 1985இல் வெளியிட்ட ஆய்வில் இதை அழகாகச் சோதித்தார்கள். கண்ணாடி பதித்த நீண்ட மேசை. அதன் ஒரு பாதியில் கண்ணாடிக்குக் கீழே பள்ளம் தெரியும். பள்ளத்தின் விளிம்பில் வந்து நிற்கும் ஒரு வயதுக் குழந்தை, எதிர்ப்பக்கம் இருக்கும் அம்மாவை நிமிர்ந்து பார்க்கிறது. அம்மா சிரித்த முகத்தோடு இருந்தபோது 19 குழந்தைகளில் 14 பேர் கடந்து வந்தார்கள். அம்மா முகத்தில் பயம் தெரிந்தபோது 17 பேரில் ஒருவர்கூட வரவில்லை.

விமானத்தில் நாம்தான் அந்தப் பள்ளம். ஆகவே முதலில் பேச வேண்டியது அம்மாவிடம் அல்லது அப்பாவிடம். எங்கே போகிறீர்கள், தூங்க முடிந்ததா என்று இரண்டு வார்த்தை போதும். அவர்கள் முகம் இளகுவதைக் குழந்தை கவனித்துக்கொண்டே இருக்கும்.

அடுத்தது, காத்திருப்பது. என் கருத்தில் இதுதான் மிகவும் கடினமான பகுதி. குழந்தையை உற்றுப் பார்க்காமல், இருவருக்கும் நடுவே ஏதாவது ஒரு பொருளை வையுங்கள்: காலி பேப்பர் கப், சாப்பாட்டுத் தட்டோடு வந்த கரண்டி. நீங்கள் அதைப் பார்த்தால் குழந்தையும் அதைப் பார்க்கும். பிறர் பார்வை போகும் திசையைப் பின்தொடரும் இந்தத் திறன் முதல் பிறந்த நாளுக்குள் நன்றாகவே வந்துவிடுகிறது. பேச்சு கற்பதற்கும் இது ஓர் அடித்தளம். கப்பைத் துணியால் மூடித் திறந்து காட்டுங்கள். மறைந்த பொருள் அங்கேயேதான் இருக்கிறது என்று புரியத் தொடங்கிய குழந்தைக்கு இது அலுக்கவே அலுக்காது.

குழந்தை கரண்டியைக் கீழே போடுவதும் அப்படித்தான். பத்தாவது தடவையும் எடுத்துக் கொடுங்கள். பிறகு நீங்கள் ஒன்றைத் தவறவிட்டு, எட்டாததுபோல் கையை நீட்டிப் பாருங்கள். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ஃபெலிக்ஸ் வார்னெக்கன், மைக்கேல் டோமசெல்லோ இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், 18 மாதக் குழந்தைகள் முன்பின் தெரியாத ஆளுக்கும், யாரும் கேட்காமலே, கீழே விழுந்த பொருளை எடுத்துக் கொடுத்தார்கள். பரிசோ பாராட்டோ இல்லை.

எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் லாரா சிரெல்லி குழு இன்னொன்றைக் கண்டது. 14 மாதக் குழந்தையை ஒருவர் சுமந்துகொண்டு பாட்டுக்கு ஏற்ப அசைகிறார். எதிரே ஒரு புதியவர் அதே தாளத்தில் அசைகிறார். அப்படிச் சேர்ந்து ஆடிய புதியவருக்குக் குழந்தைகள் கூடுதலாக உதவினார்கள். தாளம் தப்பி ஆடியவருக்கு அந்த அளவு உதவி கிடைக்கவில்லை. குழந்தை தலையை ஆட்டினால் நீங்களும் ஆட்டுங்கள், தட்டினால் தட்டுங்கள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

நன்றாகச் சிரித்துக்கொண்டிருக்கும்போதே குழந்தை சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கோபம் அல்ல, கிளர்ச்சி அதிகமாகும்போது தன்னை அமைதிப்படுத்திக்கொள்ள அதற்குத் தெரிந்த வழி அது. துரத்திக்கொண்டு போய்ச் சிரிப்புக் காட்டாதீர்கள். தானே திரும்பி வரும்.

விமானம் இறங்கத் தொடங்கும்போதுதான் இந்த நட்பு உண்மையிலேயே பயன்படுகிறது. கீழே இறங்க இறங்கக் கேபின் அழுத்தம் கூடும். நடுச்செவிக்குள்ளும் அதற்கு ஈடாகக் காற்று போக வேண்டும். அதற்கு வழிவிடும் யூஸ்டேஷியன் குழாய் குழந்தைகளுக்குக் குட்டையாகவும் குறுகலாகவும் ஏறக்குறைய படுத்த நிலையிலும் இருக்கிறது. அதனால் எளிதில் திறப்பதில்லை, வலிக்கிறது. விழுங்கும்போது திறக்கும். தாய்ப்பாலோ பாட்டிலோ தண்ணீரோ கொடுப்பது அதற்காகத்தான். தூங்கும்போது குறைவாகவே விழுங்குவதால், இறங்கும் நேரத்தில் குழந்தை விழித்திருப்பது நல்லது. அம்மா பையில் பாட்டிலைத் தேடும் அந்தச் சில நிமிடம் விளையாட்டுக் காட்ட ஏற்கெனவே பழகிய முகம் ஒன்று பக்கத்தில் இருந்தால் பெரிய உதவி.

ஒரே ஒரு வேண்டுகோள். பெற்றோரைக் கேட்காமல் குழந்தைக்குத் தின்ன எதையும் கொடுக்காதீர்கள். வேர்க்கடலை, முந்திரி ஒவ்வாமை சில குழந்தைகளுக்கு உயிராபத்தாகவே முடியும்; நடுவானில் மருத்துவமனை கிடையாது. படம் எடுப்பதற்கும் தூக்குவதற்கும் முன்பும் அப்படியே கேளுங்கள்.