கிரேக்கத் 'திதோமி'யும் தமிழின் ஈ, தா, கொடு வினைகளும்

திறவுச்சொற்கள்: திதோமி, வினைவடிவம், இரத்தற் கிளவி, தொல்காப்பியம், ஒடிசி, மொழிபெயர்ப்பு

முன்னுரை

பண்டைக் கிரேக்கத்தில் கொடைப்பொருள் தரும் வினை 'திதோமி' என்பதாகும். இதனைத் தமிழில் 'கொடு' என்னும் ஒரே சொல்லால் பெயர்ப்பது போதுமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

வினைவடிவங்கள்

இவ்வினையின் வேர் 'தோ'. நிகழ்காலத்தில் வேரின் முதல் மெய் இகரத்துடன் இரட்டித்து முன்னிற்கும். வேர் ஒருமையில் நெடிலாகவும் (திதோமி – கொடுக்கிறேன்), பன்மையில் குறிலாகவும் (திதொமென் – கொடுக்கிறோம்) அமையும். கிரேக்க எழுத்து காட்டும் இவ்வேறுபாட்டைத் தமிழின் ஒகர ஓகாரங்களும் காட்டவல்லன. 'தோசோ' என்பது எதிர்காலத் தன்மை ஒருமை.

இறந்தகாலத்தில் 'எதோகெ' என்பது கொடுத்தமையைக் குறிக்கும். 'எதிதூ' என்பதோ கொடுத்துக்கொண்டிருந்தமையையும், இடம் நோக்கிக் கொடுக்க முன்வந்தமையையும் குறிக்கும். ஆதலின் ஏற்கப்படாத கொடையைச் சுட்டுமிடத்து 'எதிதூ' என்பதைக் 'கொடுத்தான்' எனப் பெயர்ப்பது பிழையாகும். முன்னொட்டுப் பெற்ற 'அபொதிதோமி' திருப்பிக் கொடுத்தலைக் குறிக்க, அதன் தற்பயன் வடிவமாகிய 'அபொதிதொமை' விற்றலைக் குறிக்கும்.

தமிழ் மரபு

இரக்குமிடத்து இழிந்தோன் 'ஈ' எனவும், ஒப்போன் 'தா' எனவும், உயர்ந்தோன் 'கொடு' எனவும் கூறுதல் தொல்காப்பிய எச்சவியல் வரையறுக்கும் மரபு. கிரேக்க வினை காலம், இடம், எண் ஆகியவற்றை வடிவால் உணர்த்தினும் இரப்போனின் நிலையை உணர்த்துவதில்லை. 'தொஸ்' என்னும் ஏவல் மூவர்க்கும் பொது.

இவ்வரையறை இரத்தற் கூற்றுக்கே உரியது. மதுரையை அடுத்த மாங்குளத்துத் தமிழிக் கல்வெட்டில் சமண முனிவர்க்கு அறம் வழங்கியமை 'ஈ' அடியாகப் பிறந்த வினையால் குறிக்கப்படுகிறது. எனவே அவ்வினை ஏற்போரை எங்கும் தாழ்த்துவதன்று.

மொழிபெயர்ப்புச் சிக்கல்

ஒடிசியின் 17ஆம் பகுதியில், தன் அரண்மனைக்கே இரவலன் வேடத்தில் வந்த ஒடிசியஸ், பெனலோப்பியை மணக்க விழைந்தோருள் ஒருவனாகிய அந்தினோஸை நண்பன் என விளித்து, 'தொஸ்' என்று உணவு கேட்கிறான். வேடத்தை நோக்கின் 'ஈ', விளியை நோக்கின் 'தா', அரசன் என்னும் உண்மையை நோக்கின் 'கொடு' எனப் பெயர்க்க இடமுண்டு. எனினும் 'கொடு' என்பது வேடத்தைக் கலைத்துவிடும். அவன் அரசன் என்பதைக் கேட்போன் அறியான், படிப்போர் அறிவர். அம்முரணைக் காப்பது 'ஈ' என்பதே.

முடிவுரை

கிரேக்கம் வடிவ வேறுபாட்டால் உணர்த்துவன சில. தமிழ் சொல் தேர்வால் உணர்த்துவன சில. ஆகவே 'திதோமி' வருமிடந்தோறும் அதன் வடிவத்தோடு, கொடுப்போர்க்கும் ஏற்போர்க்கும் உள்ள உறவையும் ஆராய்ந்தே தமிழ் வினையைத் தேர்தல் வேண்டும்.