தலைமையும் சமூக அடையாளமும்: மலையகத் தொழிற்சங்க வரலாற்றிலிருந்து சில குறிப்புகள்

நிறுவனங்களின் தலைமை பற்றி எழுதுவோர் பெரும்பாலும் தலைவரின் குணநலன்களையே ஆராய்கின்றனர். மாக்ஸ் வெபர் அதிகாரத்தை மரபு, தனிமனித ஈர்ப்பு, சட்டம் என்னும் மூன்று அடிப்படைகளில் வகுத்தமை பயனுடையதே. எனினும், பின்பற்றுவோர் தம்மை யாரெனக் கருதுகின்றனர் என்று வினவாது தலைமையை விளக்குதல் இயலாது. இலங்கையின் மலையகத் தொழிற்சங்க வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

தொழிற்சங்கங்கள் தோன்றுமுன்னர்த் தோட்டங்களில் தலைமை பெரியகங்காணியிடம் இருந்தது. ஆட்களைத் திரட்டி வந்தவரும், முற்பணம் கொடுத்துக் கடனாற் பிணித்தவரும், துரைக்கும் தொழிலாளிக்கும் இடைநின்று பேசியவரும் அவரே. ஊர், உறவு, சாதி ஆகிய பிணைப்புகள் அவரது அதிகாரத்தைத் தாங்கின. தொழிலாளி தன்னை இன்ன கங்காணியின் ஆளாகவே அறிந்தான். 1921இல் துண்டு முறை ஒழிக்கப்பட்ட பின்னரும் இவ்வுறவு உடனே மறைந்துவிடவில்லை.

1931இல் கோ. நடேசய்யர் அமைத்த தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் இவ்வுறவை நேரடியாக எதிர்த்தது. பத்திரிகையும் துண்டுப்பிரசுரமும் அவரது கருவிகளாயின. துணைவியார் மீனாட்சியம்மையார் தொழிலாளர் மத்தியிற் பாடல்களைப் பாடினார். கங்காணியின் ஆளாயிருந்தவனைத் தொழிலாளியென உணரச்செய்வதே இத்தலைமையின் முதற்பணியாயிற்று. 1940 ஜனவரியில் முல்லோயா வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானமை, அவ்வுணர்வுக்குத் தொழிலாளர் கொடுத்த விலையைக் காட்டும்.

1939இல் தோன்றிய இலங்கை இந்தியர் காங்கிரஸ், வணிகரையும் கங்காணிமாரையும் தொழிலாளரையும் ‘இந்தியர்’ என்னும் ஓரடையாளத்தின்கீழ் இணைத்தது. இது வர்க்க முரண்பாட்டை மறைத்தது என்று கூறுவதோடு நாம் அமைந்துவிடலாகாது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இத்தொழிலாளரை அவர்தம் பூர்வீகத்தை வைத்தே விலக்கியது. நாடற்றவராக்கப்பட்டோருக்கு அரசுடன் பேச ஒருவர் வேண்டியிருந்தார். இடைநின்று பேசும் பழைய தலைமைமுறை புதிய நியாயம் பெற்றது. 1950இல் அவ்வமைப்பு இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் எனப் பெயர் மாறியபோதும் அம்முறை மாறவில்லை.

2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியிருந்த நாடற்றோருக்கும் குடியுரிமை வழங்கியது. ஆயினும், கொழுந்து பறிப்போருட் பெரும்பான்மையினர் பெண்களாயிருக்க, தோட்டத் தலைவர் பொறுப்பு பெரும்பாலும் ஆண்களிடமே இருந்துவருகிறது. தராசடியில் தம் கொழுந்தின் நிறை கழிக்கப்படும்போது இப்பெண்கள் இன்னொருவர் வாயிலாகவே முறையிட வேண்டியிருப்பின், சங்கம் இன்னும் அவர்களுடையதாகவில்லை என்பதே நமது முடிபு.