ரவாங்குக்கும் கோல சிலாங்கூருக்கும் நடுவே: நிலக்கரி எடுத்த பத்து ஆராங்கின் கதை

உலு யாம், ரவாங் வட்டாரத்தில் லம்பம் என்றாலே ஈயம்தான் நினைவுக்கு வரும். ஆனால் ரவாங்கிலிருந்து கோல சிலாங்கூர் பக்கம் போகும் வழியில் உள்ள பத்து ஆராங்கில் மண்ணுக்கடியில் கிடைத்தது ஈயம் அல்ல, நிலக்கரி. மலாயில் 'பத்து' என்றால் கல், 'ஆராங்' என்றால் கரி. ஊர்ப் பெயரே தொழிலைச் சொல்லிவிடுகிறது.

1908ஆம் ஆண்டுவாக்கில் இங்கு நிலக்கரி இருப்பது தெரியவந்தது. ஜே. ஏ. ரசல் என்ற முதலாளி முன்னின்று அமைத்த மலாயன் காலரீஸ் நிறுவனம் 1915இல் அதைத் தோண்டத் தொடங்கியது. குவாங்கிலிருந்து ரயில் பாதையும் போடப்பட்டது. சில இடங்களில் மேல்மண்ணை நீக்கித் திறந்த குழியாகத் தோண்டினார்கள். மற்ற இடங்களில் சுரங்கம் வெட்டி உள்ளே இறங்கினார்கள்.

இங்குள்ள கரி இளம் வகையைச் சேர்ந்தது. குவித்து வைத்தால் தானே சூடேறித் தீப்பிடிக்கும் தன்மை அதற்கு உண்டு. நீண்ட நாள் சேமித்து வைப்பதற்கோ தூர தேசத்துக்குக் கப்பல் ஏற்றுவதற்கோ ஏற்றதல்ல. அதனால் பக்கத்திலேயே எரித்தாக வேண்டும். ரயில் இஞ்சின்கள் அதைத் தின்றன. 1927இல் திறக்கப்பட்ட பங்சார் மின் நிலையமும் அதை எரித்துத்தான் கோலாலம்பூருக்கு விளக்கேற்றியது. தலைநகரில் விளக்கு எரிய, பத்து ஆராங்கில் ஆட்கள் இருட்டில் வேலை செய்தார்கள்.

அந்த ஆட்களில் பெரும்பாலோர் சீனர்கள். தமிழர்களும் மலாய்க்காரர்களும் இருந்தார்கள். சீனத் தொழிலாளர் பலருக்கு நிறுவனம் நேரடியாகச் சம்பளம் கொடுக்கவில்லை. குத்தகைக்காரர் ஆள் பிடித்து, வேலை வாங்கி, தன் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுப்பார். தோட்டத்தில் கங்காணியின் தலைக்காசு பற்றிக் கேட்டவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

உலகப் பொருளாதார மந்தத்தின்போது வெட்டப்பட்ட கூலி, விலைவாசி ஏறிய பிறகும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. 1936 நவம்பரில் முதல் வேலைநிறுத்தம் நடந்தது. 1937 மார்ச்சில் மீண்டும் ஆயிரக்கணக்கானோர் வேலைக்குப் போக மறுத்தார்கள். இம்முறை சுரங்கத்தையே தங்கள் கைக்குள் கொண்டுவந்து, தாங்களே காவல் போட்டார்கள். கரி நின்றால் ரயிலும் மின்சாரமும் நிற்கும் என்பதால் அரசாங்கம் பதறியது. மார்ச் 27 அன்று போலீஸ் படை உள்ளே புகுந்தது. ஒரு தொழிலாளி உயிரிழந்தார். பலர் கைதானார்கள்.

நான்கு ஆண்டு கழித்து, 1941இல், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழர்கள் வேலைநிறுத்தம் செய்தபோதும் துப்பாக்கிதான் பதில் சொன்னது. ஆர். எச். நாதன் தலைமையிலான அந்தப் போராட்டம் நம்மில் பலருக்குத் தெரியும். அதற்கு முன்பே அதே சிலாங்கூரில் நடந்த பத்து ஆராங் போராட்டத்தை நாம் அதிகம் பேசுவதில்லை. அது சீனர்களின் கதை என்று ஒதுக்கியது ஒரு காரணமாக இருக்கலாம்.

ஜப்பானியர் காலமும் அவசரகாலமும் ஊரைப் புரட்டிப் போட்டன. என்றாலும் சுரங்கத்தை மூட வைத்தது எண்ணெய்தான். ரயிலும் மின் நிலையங்களும் எண்ணெய்க்கு மாறியதும் கரியை வாங்க ஆளில்லை. 1960இல் சுரங்கம் மூடப்பட்டது. வேலை தேடி மக்கள் வெளியேறினார்கள். செங்கல் சூளையின் இடிபாடுகளும், குழிகளில் நீர் தேங்கி உருவான குளங்களும் இன்றும் நிற்கின்றன.

கண்ணுக்குத் தெரியாமல் இருப்பது அடியில் உள்ள சுரங்கப் பாதைகள். கரியை எடுத்தபின் பாதையைத் தாங்கும் மரத் தூண்கள் நாளடைவில் மக்கிவிடும். மேலே உள்ள பாறை இறங்கினால் தரையும் இறங்கும். சுவரில் வெடிப்பு விழும், சில இடங்களில் குழி விழும். ஐம்பது, அறுபது ஆண்டு கழித்தும் இது நடக்கக்கூடியது என்பதை இங்கிலாந்தின் பழைய நிலக்கரி ஊர்களிலும் பார்க்கலாம். ரவாங் பக்கம் அடுக்குமாடிகள் எழும்பும்போது பத்து ஆராங் தாழ்வான கூரைகளோடே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இங்கே வீட்டைப் பெரிதாக்கவோ நிலம் வாங்கவோ நினைப்பவர், விலை பேசுவதற்கு முன் அந்த நிலத்துக்கு அடியில் தோண்டப்பட்டதா, எவ்வளவு ஆழத்தில் என்று கேட்க வேண்டும். நில உரிமை விவரத்தை கோம்பாக் நில அலுவலகத்திலும், கட்டட அனுமதியை செலாயாங் நகராண்மைக் கழகத்திலும், மண்ணின் நிலையை கனிம, புவி அறிவியல் இலாகாவிலும் விசாரிக்கலாம். வாய்மொழி உறுதியை நம்பி முன்பணம் கொடுக்காமல், பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.