உஷார்! பளபளக்கும் அந்தக் குழாய் உயிருக்கே உலை வைக்கலாம்

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிறீர்களா? வார்ப்பிரும்பு மேனிஃபோல்டைக் கழற்றி எறிந்துவிட்டு, கடையில் கிடைக்கும் புது எக்ஸாஸ்ட் ஹெடரை நீங்களே மாட்டப் போகிறீர்களா?

ஸ்பேனரைக் கீழே வையுங்கள். முதலில் இதைப் படியுங்கள்!

இங்கிலாந்தில் ஒருவருக்கு நடந்தது இது. அவரிடம் இருந்தது எம்ஜிபி. 1962 முதல் 1980 வரை 5 லட்சத்துக்கும் மேல் தயாரான கார். வீட்டு கராஜிலேயே ஹெடரை மாட்டினார். ஸ்டார்ட் செய்தார். உறுமல் பிரமாதம்! கூடவே 'டிக் டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். இன்ஜின் சூடானதும் அதுவும் அடங்கிவிட்டது. சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

சரியாகவில்லை. சூட்டில் இரும்பு விரிந்து, இடைவெளி கொஞ்சம் குறைந்தது. அவ்வளவுதான்.

குளிர்காலம் வந்தது. கூரையை மூடி, ஹீட்டரைப் போட்டு மனைவியோடு கிளம்பினார். அரை மணி நேரத்தில் இருவருக்கும் தலைவலி. மனைவிக்கு வாந்தி வருவது போல இருந்தது, கண்கள் சொருகின. இறங்கி வெளிக்காற்றில் நின்றதும் தெளிந்துவிட்டது. ஜலதோஷமாக இருக்கும் என்று விட்டுவிட்டார்கள். அடுத்த பயணத்திலும் அதேதான். "இந்த வண்டியில் ஏறினால் மட்டும்தான் தலை வலிக்கிறது" என்று அந்த அம்மா சொன்ன பிறகுதான் மெக்கானிக்கிடம் போனார்கள்.

அது ஜலதோஷம் அல்ல. கார்பன் மோனாக்சைடு! நிறம் கிடையாது. மணம் கிடையாது. தூங்கவைத்தே கொன்றுவிடும்.

மெக்கானிக் கண்டுபிடித்தது ஒரு வாஷரை. எம்ஜிபியில் கார்புரேட்டர் பக்க மேனிஃபோல்டும் எக்ஸாஸ்டும் அருகருகே உட்காரும். நடுவில் ஒரே தடித்த வாஷர்தான் இரண்டையும் சேர்த்து அழுத்தும். புது ஹெடரின் விளிம்பு பக்கத்து விளிம்பைவிட மெலிதாக இருந்தது. வாஷர் சாய்ந்து, தடித்த பக்கத்தை மட்டுமே பிடித்திருந்தது. மெலிந்த பக்கத்தில் கேஸ்கெட்டைச் சுற்றிக் கரி. இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகட்டில், ஒயர் போகும் ஓட்டைகளில் ரப்பரே இல்லை. புகைக்கு அதுவே வாசல்!

ஆபத்து இதோடு முடியவில்லை. இந்த வண்டியில் இரட்டை கார்புரேட்டர்கள் இருப்பது எக்ஸாஸ்டுக்கு நேர் மேலே. மிதவை சிக்கிக்கொண்டால், வழியும் பெட்ரோல் சின்னக் குழாய் வழியே கீழே இறங்கும். அந்தக் குழாய் ஹெடரை ஒட்டி இருந்தால்? கொதிக்கும் இரும்பில் பெட்ரோல் சொட்டும். தீப்பிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

இந்த அறிகுறிகளில் ஒன்று தெரிந்தாலும் வண்டியை எடுக்காதீர்கள்:

• குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் 'டிக் டிக்' சத்தம், சூடானதும் மறைவது.
• கேஸ்கெட் ஓரத்தில் கரி.
• காருக்குள் தலைவலி, குமட்டல், தூக்கம், இறங்கினால் தெளிவது.
• பானெட்டைத் திறந்ததும் பெட்ரோல் வாடை.
• ஒயரின் உறை இளகுவது, ரப்பர் ஹோஸ் வெடிப்பது.
• ஆக்ஸிலரேட்டரை விடும்போது சைலன்சரில் பட்பட்டென்று வெடிப்பது.
• இடது ஸ்டியரிங் வண்டியானால், ஸ்டியரிங் தண்டில் குழாய் உரசிய தடம். இன்ஜின் ஆடும்போது உரசும். ஸ்டியரிங்கில் விளையாட்டு வேண்டாம்!

மாட்டியே ஆக வேண்டுமா? இரண்டு விளிம்புகளின் தடிமனையும் அளந்து பாருங்கள். வித்தியாசம் இருந்தால் படி வைத்த வாஷர் போடுங்கள், அல்லது விளிம்பைக் கடைசல் பட்டறையில் சரிசெய்யுங்கள். கார்புரேட்டருக்குக் கீழுள்ள வெப்பத் தடுப்புத் தகட்டைத் திரும்ப மாட்டாமல் விடாதீர்கள். முதல் ஓட்டத்துக்குப் பிறகு, நன்றாக ஆறியதும் நட்டுகளை மறுபடி முடுக்குங்கள். வெறிகொண்டு முடுக்கினால் ஸ்டட் உடைந்து ஹெட்டுக்குள்ளேயே நின்றுவிடும். எரிபொருள் கலவையையும் மெக்கானிக்கிடம் சரிபாருங்கள். பெட்ரோல் குறைந்த கலவையில் ஓட்டினால் வால்வு கருகும்.

பழைய கேஸ்கெட்டை உலர்வாகச் சுரண்டாதீர்கள். அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அந்தத் தூசி நுரையீரலை விடாது.

பெரிய மாற்றம் செய்யாத, 40 வயது தாண்டிய கார்களுக்கு பிரிட்டனில் 2018 மே முதல் வருடாந்தர எம்ஓடி (வாகனத் தகுதி) சோதனை கட்டாயமில்லை. யாராவது சோதித்துச் சொல்வார்கள் என்று காத்திருக்காதீர்கள். யாரும் வரப்போவதில்லை.

காசு கொடுத்து வினையை வாங்காதீர்கள். ஹெடரை ஏற்கெனவே மாட்டியிருந்தால், பக்கத்து இருக்கையில் யாரையும் ஏற்றும் முன் கசிவைச் சோதித்துவிடுங்கள். இன்றைக்கே!