ஒரே இலைக்கு இரண்டு பேர்!

பந்தியில் ஒரே இலை, உட்கார இருவர் என்றால் தகராறுதான். 2023 ஏப்ரலில் பெங்களூரில் தமிழர் நிறைந்த புலிகேசி நகர்த் தொகுதியில் அதுதான் நடந்தது. எடப்பாடி அணி ஒருவரை அ.தி.மு.க. வேட்பாளர் என்றது, ஓ.பி.எஸ். அணி வேறொருவரை நிறுத்தியது. இரட்டை இலை எடப்பாடியாருக்கே என்றது தேர்தல் கமிஷன். அப்பாடா என்பதற்குள் பா.ஜ.க. கேட்டுக்கொண்டதாம், இலை பெற்றவரும் வாபஸ்! ஓட்டுப் போடும் நம்மை மட்டும் யாரும் கேட்கவில்லை.

1989-இல் தமிழ்நாட்டில் கட்சி பிளந்தபோதாவது ஜெயலலிதாவுக்குச் சேவல், ஜானகி அம்மாளுக்கு இரட்டைப் புறா என்று குத்துவதற்கு ஏதோ இருந்தது. (ஆட்சி தி.மு.க.வுக்குப் போனது வேறு கதை.) இங்கே மே 10 அன்று இலையைத் தேடிய விரலுக்கு இலையும் இல்லை, புறாவும் இல்லை. காங்கிரஸ் ஜெயித்தது.