சென்னையில் பிடிபட்ட சூக்ஷ்ம ஜந்து

சங்கரன்கோவிலில் கோமதியம்மன் சந்நிதிக்கு வரும் பக்தர்கள், பாம்பும் தேளும் தம் இல்லத்தை அணுகாதிருக்க வேண்டி அவற்றின் உருவம் பொறித்த தகடுகளை உண்டியலில் சேர்ப்பதும், புற்றுமண்ணை நெற்றியிலிட்டுச் சரீரப் பிணி நீங்கப் பிரார்த்திப்பதும் நெல்லைச் சீமையார் அனைவரும் அறிந்த வழக்கம். கண்ணுக்குத் தெரிந்த ஜந்துவுக்கு உருவம் சமைக்க முடிந்தது. கண்ணுக்கே தெரியாமல் மனிதனுடைய மண்ணீரலில் குடிபுகுந்து உயிரைக் குடித்த ஜந்துவுக்கோ 1903-ஆம் ஆண்டு வரையில் உருவமும் இல்லை, பெயரும் இல்லை. அதை நம் சென்னைப் பட்டணத்தில் கண்டறிந்த சார்லஸ் டானவன் என்ற மருத்துவரைத் தமிழர்கள் ஏறக்குறைய மறந்தே போனது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் விஷயம்.

1863-இல் கல்கத்தாவில் ஓர் அயர்லாந்துக் குடும்பத்தில் பிறந்து, 1891-இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்த டானவன், 1898-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் உடலியல் பேராசிரியரானார். பொது மருத்துவமனையில் நோயாளிகளையும் கவனித்துவந்தார். அங்கே வந்தவர்களுள் சிலருக்கு மாதக்கணக்கில் விடாத ஜுரம் காயும், மண்ணீரல் பெருத்து வயிறு முட்டும், கைகால் சூம்பும், மலேரியா என்று கருதிக் கொயினா கொடுத்தாலும் குணம் காணாமல் மடிவார்கள். வங்காளத்திலும் அஸ்ஸாமிலும் கிராமங்களையே வெறுமையாக்கிய காலா-அசார் என்னும் கருங்காய்ச்சல்தான் அது.

1903 ஏப்ரலில், இறந்த நோயாளியொருவரின் மண்ணீரலிலிருந்து எடுத்த துளியைச் சாயமேற்றிப் நுண்ணோக்கியில் நோக்கிய டானவன், இரத்தச் சிவப்பணுவில் பாதியளவே இருக்கும் நுண்ணிய உருண்டை உருவங்களைக் கண்டார். பிணத்தில் நேரும் விகாரமாக இருக்குமோ என்ற ஐயத்தால் அவசரப்பட்டு ஒன்றும் சொல்லவில்லை. மே மாத இறுதியில், கல்கத்தாவையடுத்த டம்டம்மில் நோயுற்று இங்கிலாந்தில் இறந்த சிப்பாய் ஒருவனின் மண்ணீரலில் அதே உருவங்களைக் கண்டதாக ராணுவ மருத்துவர் வில்லியம் லீஷ்மன் லண்டன் மருத்துவ இதழில் எழுதினார். டிரிப்பனோசோம் என்ற வேறொரு ஒட்டுண்ணி மரணத்திற்குப்பின் சிதைந்த எச்சமே அவை என்பது அவர் ஊகம்.

அப்படியானால் உயிரோடிருப்பவர் உடலில் அவை இருக்கக் கூடாதல்லவா? இந்தக் கேள்வியைக் கேட்டு அதற்கு விடையும் கண்டதில்தான் டானவனுடைய மேதை விளங்குகிறது என்பேன். ஜூன் 17-ஆம் தேதி, ஜுரத்தில் கிடந்த பன்னிரண்டு வயதுச் சிறுவனின் மண்ணீரலில் ஊசி செலுத்திச் சில துளிகள் எடுத்துப் பார்த்தார், அவை இருந்தன. வீங்கிய மண்ணீரலைக் குத்தினால் உள்ளே இரத்தம் பெருகி உயிருக்கே ஆபத்து நேரலாம் என்பதை நினைக்கும்போது, அந்தச் சிறுவனுக்கும் விஞ்ஞானம் எவ்வளவு கடன்பட்டிருக்கிறது என்று தோன்றுகிறது.

டானவன் தம் கண்ணாடித் தகடுகளைப் மலேரியா ஆய்வாளர்களான பாரிஸின் லாவெரானுக்கும் லிவர்பூலின் ரொனால்டு ராஸுக்கும் அனுப்பினார். முதலில் கண்டவர் யார் என்ற சர்ச்சை மூண்டபோது, இது முற்றிலும் புதிய இனம் என்று தீர்மானித்த ராஸ், இருவரையும் சேர்த்து 'லீஷ்மானியா டானவனி' என்று பெயரிட்டது நியாயமான தீர்ப்பு. டானவன் அத்துடன் ஓய்ந்துவிடவில்லை; 1905-இல் பிறப்புறுப்பில் புண் உண்டாக்கும் மற்றொரு நோயின் கிருமியையும் சென்னையிலேயே கண்டார்; அந்நோய்க்கு அவர் பெயரே வழங்குகிறது. ராயப்பேட்டை மருத்துவமனையின் முதற் கண்காணிப்பாளரும் அவரே. ஓய்வு பெற்றபின் அயர்லாந்தின் வண்ணத்துப்பூச்சிகளையும் அந்துப்பூச்சிகளையும் பட்டியலிட்டு, 1951-இல் காலமானார்.

கிருமி இன்னதென்று தெரிந்த பிறகே மருந்துக்கு வழி பிறந்தது. கல்கத்தாவில் காம்பெல் மருத்துவமனையின் ஒரு சிற்றறையில் உழைத்த உபேந்திரநாத் பிரம்மசாரி யூரியா ஸ்டிபமைன் என்ற அஞ்சனக் கலவையைத் தயாரித்து லட்சக்கணக்கான உயிர்களைக் காத்தார். மணல் ஈயின் கடியால்தான் மனிதருக்கு நோய் தொற்றுகிறது என்பதை சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் மூவரும் 1942-இல் ஐயமற நிறுவினர். இப்போது விரல் நுனி இரத்தத்தை ஒரு காகிதப் பட்டையில் விட்டே நோயை அறிய முடிகிறது. ஆயினும் சந்தேகம் தீராத இடத்தில் மருத்துவர் எலும்பு மஜ்ஜையிலிருந்தோ மண்ணீரலிலிருந்தோ ஊசியால் துளி எடுத்து, 'எல்.டி. பாடி' இருக்கிறதா என்றுதான் இன்றும் தேடுகிறார். அந்த 'டி' டானவன்.